மணி அடித்தால் மேசைக்கடியில் போகும் பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது. ஏழு வயது மகன், ஆட்டிசம் இருப்பது உறுதியாகியிருக்கிறது. வீட்டில் அமைதியாக இருக்கிறான். பள்ளியில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான், காலைக் கூட்டத்தில் நிற்காமல் ஓடுகிறான், சாக்ஸைக் கழற்றி எறிகிறான். "போகப் போகப் பழகிடும், வீட்டுல செல்லம் அதிகம்" என்கிறார் வகுப்பாசிரியர். பள்ளியிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யத் தடுமாறுகிறவர்களுக்கு உதவும் சிகிச்சையாளர். பள்ளிகளுக்குப் போய் வகுப்பறையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் பாதி. முதலில் அந்தப் "பழகிடும்" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன், சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓடும் ஃபேனின் சத்தம் ஐந்து நிமிடத்தில் நம் காதில் விழாமல் போய்விடுகிறது. சத்தம் அங்கேயேதான் இருக்கிறது, மூளை அதை ஒதுக்கிவிட்டது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கும் வேலை மெதுவாக நடக்கிறது, சில சத்தங்களுக்கு நடப்பதே இல்லை. மூளை ஸ்கேன் ஆய்வுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே சத்தத்தையும் ஒரே உறுத்தலையும் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மற்றக் குழந்தைகளின் மூளையில் ஆபத்தை உணரும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. புலன் உணர்வு மிகுந்த ஆட்டிசக் குழந்தைகளிடம் அந்தத் தணிவு குறைவாகவே தெரிந்தது. ஆகவே நூறாவது மணியும் உங்கள் மகனுக்கு முதல் மணி மாதிரிதான் கேட்கலாம். போதாததற்கு, எப்போது அடிக்குமோ என்று காத்திருக்கும் பயமும் சேர்ந்துகொள்கிறது.

இது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட விஷயமும் இல்லை. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தைப் பற்றி, 11 குழந்தைகளைப் பார்த்து எழுதிய முதல் கட்டுரையிலேயே வாக்குவம் கிளீனர், லிஃப்ட், ஓடும் தண்ணீர், காற்றின் சத்தம் ஆகியவற்றுக்குக்கூட அவர்கள் மிரண்டதைக் குறித்திருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் இது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இடம்பெற 2013 ஆகிவிட்டது. எழுபது வருடம். டீச்சர் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் இது இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துப் பேசினால் கோபம் பாதி குறையும். (மதியிறுக்கம் என்றொரு சொல் ஆட்டிசத்துக்குப் புழக்கத்தில் இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. அந்தப் பிள்ளைக்குள் எதுவும் இறுகிக் கிடக்கவில்லை, தாங்குவதற்கு மேல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது.)

அடுத்தது, "வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறான்" என்ற பேச்சு. இதை உங்களுக்கு எதிராகச் சொல்கிறார்கள். உண்மையில் இது உங்கள் பக்கத்து ஆதாரம். நீங்கள் அறியாமலேயே வீட்டை அவனுக்கு ஏற்றபடி வைத்திருக்கிறீர்கள். மிக்சி போடுமுன் அவனுக்குச் சொல்லியிருப்பீர்கள், உறுத்தும் சட்டையைத் தள்ளி வைத்திருப்பீர்கள், டிவி சத்தம் தானாகவே குறைந்திருக்கும். அதே பிள்ளை, அதே ஆட்டிசம், இடம் மட்டும் வேறு. அப்படியானால் மாற்ற வேண்டியது இடத்தைத்தான். வீட்டில் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பள்ளியிடம் கேட்க வேண்டியதில் பாதி அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்றையும் டீச்சர் கேட்பார். "அவனே பெருசா கத்துறானே, அப்ப மட்டும் காது வலிக்காதா?" நியாயமான கேள்விதான். அவன் எழுப்பும் சத்தம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது அவனுக்குத் தெரியும், நிறுத்துவதும் அவன் கையில். பல பிள்ளைகள் வெளிச்சத்தத்தை மறைக்கவே வாய்க்குள் ஓங்கி முனகுகிறார்கள். தவிர, ஒரே பிள்ளைக்கு ஒரு புலனில் மிகையும் இன்னொன்றில் குறைவும் இருப்பது சாதாரணம். ஊசி விழும் சத்தத்துக்கே துள்ளுகிறவன் முழங்காலில் ரத்தம் வருவதைக் கவனிக்காமல் விளையாடுவான். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது.

பள்ளியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, கடைசியாக நடந்ததை மட்டும் எழுதி வைப்பது. "பென்சிலைத் தொட்டதற்கு அரை மணி நேரம் அழுதான்" என்று டைரியில் இருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது என்று பாருங்கள். சட்டைக் காலரில் லேபிள் குத்துகிறது. பஸ்ஸில் பக்கத்துப் பையனின் முழங்கை இடித்துக்கொண்டே வருகிறது. வராந்தாவில் இருநூறு பிள்ளைகளின் செருப்புச் சத்தம். வகுப்பில் நாற்பது நாற்காலிகள் தரையில் இழுபடுகின்றன. தரை துடைத்த மருந்தின் வாசனை. ட்யூப் லைட்டின் ரீங்காரம். ஒவ்வொன்றையும் அவன் பல்லைக் கடித்துத் தாங்கியிருக்கிறான். பதினொரு மணிக்கு ஒருவன் பென்சிலைத் தொட்டதும் எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது. பென்சிலைப் பற்றிப் புத்தி சொல்லி என்ன பயன்?

ஒரு சிறுமியின் கதையைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், அதுவும் ஒரு குறிப்பிட்ட பீரியடில் மட்டும், வகுப்பை விட்டு ஓடிவிடுவாள். கணக்குப் பாடம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். நான் போய் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். சின்ன நாற்காலி, முழங்கால் மோவாயைத் தொட்டது. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் 'விர்ர்ர்' என்று ஒரு இரைச்சல், நின்றது, மறுபடி, மறுபடி. அந்தப் பக்கம் கழிப்பறை. அந்த இரண்டு நாளும் இன்னொரு வகுப்பு விளையாடிவிட்டு வந்து வரிசையாகக் கை கழுவிக் காற்று மெஷினில் உலர்த்துகிறது. டீச்சரிடம் கேட்டேன், "இந்தச் சத்தம் எப்பவும் வருமா?" அவர் ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எந்தச் சத்தம்?" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. சிறுமியின் இடத்தை எதிர்ப்பக்க ஜன்னலோரம் மாற்றினோம். அந்த வாரமே ஓட்டம் நின்றது. செலவு ஒன்றும் இல்லை.

அந்தக் கை உலர்த்தும் மெஷின்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019இல் கனடாவில் ஒரு பள்ளி மாணவி இவற்றின் சத்தத்தைக் குழந்தைகளின் காது உயரத்தில் அளந்து பார்த்து ஒரு குழந்தைநல மருத்துவ இதழில் கட்டுரையாகவே வெளியிட்டார். சில மெஷின்கள் 100 டெசிபெலைத் தாண்டின. பத்து டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகன் பள்ளியில் கழிப்பறைக்கே போவதில்லை, வீட்டுக்கு வந்ததும் ஓடுகிறான் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஆளில்லாத வேளையில் போக அனுமதியும் கை துடைக்க ஒரு சின்னத் துண்டும் போதும்.

ஆக, பள்ளிக்குப் போகுமுன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள், டீச்சரையும் எடுக்கச் சொல்லுங்கள். நேரம், இடம், அதற்கு முன் அரை மணி நேரத்தில் நடந்தது, அந்த நேரத்தில் காதில் கண்ணில் மூக்கில் தோலில் என்னென்ன பட்டது, அமைதியாக எவ்வளவு நேரம் ஆனது. நல்ல நாளையும் எழுதுங்கள், அதில்தான் விடை இருக்கும். அவனிடமும் கேளுங்கள். பேச்சு வராவிட்டால் பள்ளியின் இடங்களைப் படம் எடுத்து முன்னால் வைத்து, பிடித்த இடம் பிடிக்காத இடம் என்று பிரிக்கச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: இந்த நடத்தை திடீரென்று கூடியிருந்தால் புலன் விஷயம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். காதில் சீழ், பல்வலி, தலைவலி, மலச்சிக்கல் என்று ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உடம்புக்குள் நடப்பது தெளிவாகத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வராது.

சரி, மணிக்கு வருவோம். அவனை வதைப்பதில் பெரிய பங்கு மணி திடீரென்று வருவதற்குத்தான். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது டீச்சர் அவன் மேசையில் ஒரு படச்சீட்டை வைத்துவிட்டுப் போனால் போதும், வாயால் சொல்லக்கூட வேண்டாம். ஹெட்ஃபோன் மாதிரி காதை மூடிச் சத்தத்தைக் குறைக்கும் காதடைப்பானை அவன் எடுத்துத் தானே போட்டுக்கொள்வான். மணியோ ஸ்பீக்கரோ அவன் வகுப்பு வாசலுக்கு நேரே இருந்தால் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், குறைக்க முடியாவிட்டால் அவன் இடத்தைத் தள்ளி மாற்றச் சொல்லுங்கள். நான் அடிக்கடி செய்யும் இன்னொன்று, பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு பிள்ளையை அழைத்துப்போய் மணியை அவனே அடிக்க வைப்பது. சுவிட்ச் அவன் விரலுக்கடியில் இருக்கும்போது அதே மணி வேறு பொருளாகிவிடுகிறது. வீட்டில் அதன் சத்தத்தைப் பதிவுசெய்து மிகக் குறைந்த அளவில் வைத்துக் கேட்கலாம். ஒரே நிபந்தனை, கூட்டுவதும் குறைப்பதும் அவன் கையில்தான். வலுக்கட்டாயமாகக் கேட்க வைப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். அது பயத்தைத்தான் பழக்கும்.

காதடைப்பான் நல்லது, ஆனால் நாள் முழுக்க வேண்டாம். நல்ல காதடைப்பான் 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும், கூடவே டீச்சரின் குரலையும் விழுங்கிவிடும். அமைதியான இடத்திலும் விடாமல் போட்டிருந்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தோன்றத் தொடங்கலாம். அதற்காக யாரும் பிடுங்கவும் கூடாது. கூட்டம், மணி, சாப்பிடும் இடம், விசில் ஊதும் விளையாட்டு பீரியட், இவற்றுக்குப் போதும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்றால், "கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி அவன் காதுக்கு இது" என்று டீச்சர் ஒரு முறை சாதாரணமாகச் சொன்னாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட இதைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வகுப்பறையின் இரைச்சலைக் குறைப்பது எல்லோருக்கும் லாபம் என்பதால் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது, எதிரொலி 0.6 நொடி அளவில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 1999இலேயே பரிந்துரைத்தது. வெறும் சிமெண்ட் சுவரும் தரையும் உள்ள அறையில் இது கனவுதான். ஆனாலும் நாற்காலிக் கால்களில் கெட்டித் துணி ஒட்டலாம், பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டலாம். சுவரில் துணி போர்த்திய அறிவிப்புப் பலகை, ஜன்னலுக்குத் திரை, மூலையில் ஒரு பாய் எதிரொலியைக் குறைக்கும். சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டுகள் வினாடிக்கு 100 அல்லது 120 தடவை சிமிட்டுகின்றன, நமக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் சிலருக்கு உறுத்துகிறது. அவன் தலைக்கு மேலுள்ளதை மட்டும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைக்கலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். பின்னாலிருந்து எதிர்பாராமல் படும் ஒரு கை பல பிள்ளைகளுக்கு அடி மாதிரி.

காலைக் கூட்டத்துக்கு அவன் கட்டாயம் போகத்தான் வேண்டுமா என்று பள்ளியைக் கேட்டுப் பாருங்கள். வரிசையின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில், கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வந்து நிற்பது நல்ல தொடக்கம். அந்த நேரத்தில் நோட்டுப் புத்தகக் கட்டைத் தூக்கி இன்னொரு வகுப்பில் கொண்டுபோய் வைக்கச் சொல்லலாம். கனமானதைத் தூக்குவதும், சுவரை இரண்டு கையாலும் தள்ளுவதும், அழுத்தமான அணைப்பும் பல பிள்ளைகளைச் சமனப்படுத்துகின்றன. லேசாக வருடுவதுதான் தாங்காது. ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு வயதில் தனக்கென்று ஒரு அழுத்தும் மெஷினைச் செய்துகொண்டது இதனால்தான். ஆனால் கனம் வைத்த ஜாக்கெட்டுகளை விற்பவர்கள் சொல்வதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள், அவற்றுக்கு ஆய்வு ஆதரவு பலவீனமாகவே இருக்கிறது. சாக்ஸ் விஷயம் எளிது: விரல் நுனியில் வரும் தையல்தான் பெரும்பாலும் காரணம். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுப் பாருங்கள், தையல் இல்லாததும் கிடைக்கிறது. அதுவும் ஒத்துவராவிட்டால் சாக்ஸ் இல்லாமல் வர எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்பவற்றில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கேட்கச் சொல்வது வெளியே போகும் சீட்டு. உள்ளங்கை அளவு அட்டை, மேசையில் ஒட்டியிருக்கும். அவன் எடுத்துக் காட்டினால் கேள்வி இல்லாமல் ஒரு அமைதியான இடத்துக்குப் போய் ஐந்து பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம். நூலகத்தின் ஒரு மூலை போதும், மங்கலான வெளிச்சம், ஒரு மெத்தை. இது இரண்டு காரணத்தால் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, அதே மூலைக்குத் தண்டனையாகவும் அனுப்புவார்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அந்த இடம் அவனுக்குச் செத்துவிட்டது. இன்னொன்று, "பாடத்துலேருந்து தப்பிக்கத்தான் காட்டுறான்" என்று மூன்றாம் நாள் சீட்டைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் அவன் அடிக்கடி காட்டத்தான் செய்வான், இது நிஜமா என்று சோதிக்கிறான். எத்தனை முறை காட்டினாலும் மதியுங்கள். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று உறுதியானதும் உட்காரும் நேரம் கூடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது, வரும் நாள் உண்டு. இதற்கும் அடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அடம் பிடிக்கும் குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, அந்த நேரத்தில் அவனால் உங்கள் பேச்சைப் புரிந்துகொள்ளவும் முடியாது. டீச்சர் செய்ய வேண்டியது குறைவாகச் செய்வதுதான். பேச்சை நிறுத்துங்கள், மற்றப் பிள்ளைகளை நகர்த்துங்கள், லைட்டை அணையுங்கள். அடிபடாமல் பார்த்துக்கொள்வதற்காக அன்றி அவனைப் பிடிக்காதீர்கள், "என்னைப் பார்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருங்கள். அழுகை நின்ற பிறகும் வெகுநேரம் சோர்ந்து கிடப்பான். அன்றைக்கு விசாரணை வேண்டாம். சில பிள்ளைகள் வெடிக்காமல் அப்படியே அணைந்துபோவார்கள், மேசையில் தலை கவிழ்த்துப் பேச்சு மூச்சு இருக்காது. "இன்னைக்கு ரொம்ப சமத்தா இருந்தான்" என்று டைரியில் வருவது சில சமயம் அந்த நாள்தான்.

எப்படிக் கேட்பது? இருபது கோரிக்கையோடு போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கிற டீச்சருக்கு அது ஒரு மலை. உங்கள் குறிப்பிலிருந்து மூன்றை எடுங்கள்: மணிக்கு முன் சீட்டு, இட மாற்றம், வெளியே போகும் சீட்டு. மூன்று வாரம் செய்துபார்ப்போம், முன்னும் பின்னும் எத்தனை தடவை மேசைக்கடியில் போனான் என்று எண்ணுவோம் என்று சொல்லுங்கள். எண்ணிக்கை குறைவதைத் தன் கண்ணால் பார்த்த டீச்சரிடம் அப்புறம் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. முடியவே முடியாது என்று கை விரித்தால், 2006இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைக் கேட்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் நினைவுபடுத்துங்கள். அதை மறுப்பது பாகுபாடு என்றே அந்த உடன்படிக்கை சொல்கிறது. முதல் சந்திப்பிலேயே இதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் டீச்சர் லீவு போடுவார், புதிதாக ஒருவர் வருவார், எல்லாம் ஒரே மணி நேரத்தில் குலைந்துபோகும். தீயணைப்பு ஒத்திகையும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வரும். அதற்காக ஒரே பக்க அளவில் ஒரு தாள் தயார் பண்ணி வருகைப் பதிவேட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். என்ன கஷ்டம், என்ன உதவும், மெல்ட்டவுன் வந்தால் என்ன செய்யக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எழுதும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நான் உதவிய ஒரு பையன் தன் தாளில் முதல் வரியாக எழுதச் சொன்னது: "எனக்கு நாய் பிடிக்கும், விசில் பிடிக்காது." புதிய டீச்சர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு விசிலைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார், மதியம் அவனோடு நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.